கிளம்புவதற்கும் ஒரு முறை உண்டு

நேயர்களுக்கு வணக்கம். கூட்டத்தில் கொஞ்ச நேரம் இருந்தாலே சிலர் களைத்துப்போவார்கள். 1921இல் உளவியலாளர் கார்ல் யுங் வகைப்படுத்திய உள்முக இயல்பு அது, கர்வமல்ல. ஆனால் மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் இதை யாரிடம் விளக்குவது? ஒரே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பக்கத்துப் பக்கத்து வீட்டில் வளர்ந்தவர்கள் இப்போது ஆளுக்கொரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கிறார்கள். கல்யாண மண்டபத்தில்தான் மறுபடி பார்க்கிறார்கள். சீக்கிரம் எழுந்தால், "என்ன, கோபமா?" என்பார்கள்.

முதலில் காரைக் கவனியுங்கள். மண்டப வாசலை ஒட்டி நிறுத்தினால் பின்னால் இன்னொரு வரிசை வந்து அடைத்துக்கொள்ளும். அப்புறம் மைக்கில் கார் நம்பரை வாசிக்கச் சொல்ல வேண்டியதுதான், ஊருக்கே தெரிந்துவிடும். சற்றுத் தள்ளி, சாலையைப் பார்த்தபடி நிறுத்துங்கள். அடுத்தவர் காரில் தொற்றிக்கொண்டு வரவே வேண்டாம்.

இரவு விருந்தில் மணமக்கள் நுழையத் தாமதமாகும். அதற்குள் பெற்றோர் வாசலில் நிற்பார்கள். மொய் உறையை அப்போதே கொடுத்து, நிதானமாக நாலு வார்த்தை பேசிவிடுங்கள். "இன்னைக்குச் சீக்கிரம் கிளம்பணும்கா, ஆனா சாப்பிட்டுட்டுத்தான் போவேன்" என்று சொல்லிவையுங்கள். சாப்பிடாமல் போனால்தான் மனத்தாங்கல் வரும். சாப்பிட்டுக் கை கழுவியதும், ஆட்டம் பாட்டம் தொடங்குமுன் எழுந்துவிடுங்கள். பாட்டுச் சத்தம் ஏறிய பிறகு விடைபெறுவதென்றால் காதோடு காதாகக் கத்த வேண்டியிருக்கும்.

பலர் சறுக்குவது கடைசியில்தான். மேசை மேசையாகப் போய்ச் சொன்னால் ஒவ்வொரு மேசையிலும் ஒரு நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். கல்யாண வீட்டுக்காரர் ஒருவரிடம் சொன்னால் போதும். "கிளம்பட்டுமா?" என்று கேட்காதீர்கள், "இருங்க, என்ன அவசரம்" என்றுதான் பதில் வரும். "போய்ட்டு வரேன்கா, சாப்பாடு நல்லா இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே நடங்கள். சாக்குச் சொல்ல வேண்டாம். தலைவலி என்றால் ஒருவர் தைலம் எடுப்பார், இன்னொருவர் மாத்திரை தேடுவார். அடுத்த வாரம் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) நலம் விசாரிப்பார்கள். தாப்பாவ் (பொட்டலச் சாப்பாடு) கட்டித் தந்தால் நின்றபடியே வாங்கிக்கொள்ளுங்கள். உட்கார்ந்தால் தேத்தண்ணி வந்துவிடும். மறுநாள் வாட்சாப்பில் ஒரு வாழ்த்து அனுப்புங்கள். பாதியில் போனவர் என்ற பேச்சு எழாது.

துக்க வீட்டில் இது எதுவும் செல்லாது. அங்கே "போய்ட்டு வரேன்" என்று சொல்லக்கூடாது. சொல்லாமல் கிளம்புவதுதான் வழக்கம். வீட்டுக்குப் போய்க் குளித்த பிறகுதான் மற்ற வேலை என்பதால், உடனே எழுந்துபோவதை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை.