புறங்கையும் ஒரு பால்பாயிண்ட் பேனாவும்: புது டாட்டூ பழுக்கிறதா என்று பார்ப்பது எப்படி?

நேயர்களுக்கு வணக்கம். டாட்டூ குத்திக்கொண்டு இரண்டு மூன்று நாள் ஆனதும் பலர் வாயிலும் வருகிற கேள்வி, "லேசா வீங்கியிருக்கே, இது சரியா, தப்பா?" குத்திக்கொள்ளலாமா கூடாதா என்கிற வாதம் இன்றைக்கு வேண்டாம். குத்தியாகிவிட்டது. இனி அதை எப்படிக் கவனிப்பது என்று மட்டும் பேசுவோம்.

எது இயல்பு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊசி ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் ஆழம் இறங்கி, மேல்தோலுக்கு அடியில் மையை விடுகிறது. அப்படி ஆயிரக்கணக்கான துளைகள். ஆகவே அது படம் என்பதற்கு முன்னால் ஒரு புண். முதல் இரண்டு மூன்று நாள் வீங்கும், சுடும், எரியும். மை கலந்த தெளிந்த நீர் கசிந்து பனியனில் கறையாகும். நாலாம் ஐந்தாம் நாளில் அரிப்பு தொடங்கும், தோல் உரியும். உதிர்கிற துணுக்கில் மை ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம், படம் கீழே பத்திரமாக இருக்கிறது. மேல்தோல் மூட இரண்டு மூன்று வாரம் ஆகும்.

இதில் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: நேற்றைவிட இன்று குறைய வேண்டும். வலியோ, சூடோ, வீக்கமோ, மூன்றாம் நாளுக்குப் பிறகு கூடினால் கிருமி புகுந்துவிட்டதா என்று சந்தேகப்பட வேண்டும். எரிச்சல் போய், இதயத் துடிப்போடு சேர்ந்து விண் விண்ணென்று தெறிக்கிற வலி வந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. கசிவு தெளிந்த நீராக இல்லாமல் மஞ்சளாக, பச்சையாக, கெட்டியாக மாறி வாடையும் அடித்தால் அது சீழ்.

இப்போது என் நெடுநாள் ஆதங்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். டாட்டூ பராமரிப்பு என்று எதை எடுத்துப் படித்தாலும் 'சிவந்திருக்கிறதா பாருங்கள்' என்றுதான் எழுதியிருக்கும். வெள்ளைத் தோலுக்கு எழுதியது அது. நம் ஊர் மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு சிவப்பாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கொஞ்சம் கறுத்த மாதிரி, ஊதா படர்ந்த மாதிரி, சில நேரம் வெறும் மினுமினுப்பாகத்தான் தெரியும். டியூப்லைட் வெளிச்சத்தில் அதுவும் தெரியாது. சிவப்புக்காகக் காத்திருந்தால் நாலு நாள் வீணாகிவிடும்.

அதனால் கண்ணை மட்டும் நம்பாதீர்கள், கையையும் நம்புங்கள். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த கையின் புறங்கையை, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல, டாட்டூவின் ஓரத்துத் தோலில் வையுங்கள். பிறகு மறு கையில் அதே இடத்தில் வையுங்கள். இடது முழங்கைக்குக் கீழே குத்தியிருந்தால் வலது முழங்கைக்குக் கீழே. வெயிலில் வண்டி ஓட்டிவிட்டு வந்த உடனே பார்த்தால் இரண்டு கையுமே கொதிக்கும். ஃபேனுக்கு அடியில் அரைமணி உட்கார்ந்துவிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சுட்டால் ஓரத்தை விரலால் மெல்ல அழுத்துங்கள். மரக்கட்டை போல இறுகியிருக்கிறதா, அந்த இறுக்கம் எங்கே முடிகிறது?

முடிகிற இடத்தில் பால்பாயிண்ட் பேனாவால் கோடு போடுங்கள். புண்ணின் மேல் அல்ல, வெளியே நல்ல தோலில். பக்கத்திலேயே மணியையும் எழுதுங்கள். ஆறு மணி நேரம் கழித்து மறுபடி தொட்டுப் பாருங்கள். சூடோ இறுக்கமோ கோட்டைத் தாண்டியிருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும், நாளைக்கு என்று தள்ளக்கூடாது. கோட்டை அழிக்காமல் போங்கள், எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதை அது டாக்டருக்குச் சொல்லிவிடும். காய்ச்சல், குளிர் நடுக்கம், அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டுவது, டாட்டூவிலிருந்து மேல்நோக்கி வலியோடு கோடு ஓடுவது, இதில் ஒன்று இருந்தாலும் ராத்திரி ஆனாலும் கேஷுவாலிட்டிதான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கோட்டுக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம்.

மஞ்சளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் வீட்டுப் பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள். அரைத்துப் பூசிய மஞ்சள் கிருமி நீக்கிய பொருள் அல்ல. அதைவிட மோசம், நிறமாற்றம் அத்தனையையும் அது மூடிவிடும், சீழின் மஞ்சள் உட்பட! மெடிக்கல் ஷாப்பில் "அரிப்புக்கு ஒரு க்ரீம் குடுங்கண்ணா" என்று கேட்டு வாங்குவதில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். அது வீக்கத்தை அடக்கிக் காட்டும், கிருமி உள்ளே வளரும். டோலோ போட்டுக்கொண்டு காய்ச்சலே இல்லை என்பதும் இதே கதைதான்.

நம்ம சென்னை வியர்வைக்கு வருவோம். வாசலின் மாதிரியானவற்றை அப்பிவிட்டால் வியர்வை அடியில் தேங்கிச் சிறு கொப்புளம் கிளம்பும். உள்ளங்கை அகல டாட்டூவுக்குப் பட்டாணி அளவு போதும். வேர்க்குருவா சீழ்க்கொப்புளமா என்று குழம்பினால், வேர்க்குரு டாட்டூவின் எல்லையை மதிக்காது, கழுத்திலும் முதுகிலும் கூட இருக்கும். டாட்டூவுக்குள் மட்டும், நுனியில் வெள்ளை வைத்து வலித்தால் காட்டிவிடுங்கள். மேல்தோல் மூடும்வரை பெசன்ட் நகர் அலையில் இறங்க வேண்டாம், நீச்சல் குளமும் வேண்டாம். டாட்டூ குத்திய ஐந்தாம் நாள் மெக்சிகோ வளைகுடாவில் நீந்திய, ஏற்கெனவே கல்லீரல் கெட்டிருந்த ஒருவர், கடல்நீர்க் கிருமியான விப்ரியோ தாக்கி இறந்ததை 2017-இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்திருக்கிறது.

தாமதமாக வருகிறவையும் உண்டு. 2011 கடைசியில் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில், ஒரே கலைஞரிடம் சாம்பல் நிற மையில் குத்திக்கொண்ட 19 பேருக்கு, ஆறிவிட்டது என்று நினைத்திருந்த இடத்தில் சின்னச் சின்னக் கட்டிகள் கிளம்பின. மைக்கோபாக்டீரியம் கெலோனே என்கிற, தண்ணீரில் வாழும் கிருமி மையிலேயே இருந்திருக்கிறது. இது காசநோய்க் கிருமியின் தூரத்து உறவு. சாதாரண ஆன்டிபயாடிக் ஐந்து நாள் சாப்பிட்டுத் தீராது, மாதக்கணக்கில் மருந்து வேண்டும். ஆகவே நிழல் போட்ட சாம்பல் பகுதியில் மட்டும் வாரங்கள் கழித்துக் கட்டி வந்தால், தோல் மருத்துவரிடம் டாட்டூ என்பதை முதலிலேயே சொல்லுங்கள். அடுத்த முறை குத்தும்போது மையை எதில் கலக்குகிறார் என்று கவனியுங்கள். குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர் இரண்டும் கூடாது, கிருமி நீக்கிய நீர்தான். சிவப்பு நிறத்தில் மட்டும் தடித்து அரித்தால் அது பெரும்பாலும் கிருமியல்ல, மை ஒவ்வாமை. மாதங்கள், வருடங்கள் கழித்தும் வரும்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் முடியப்போகிறது என்று கையைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்கூட இல்லை. ரத்தம் வழியாகப் பரவும் கல்லீரல் நோய்களான ஹெபடைடிஸ் பி, சி பற்றியும் எச்ஐவி பற்றியும் தனியாகப் பேச நினைத்தேன், சுருக்கிவிடுகிறேன். இவை தோலில் எந்த அடையாளமும் காட்டாது. ஊசி புதிது என்பதில் சந்தேகம் இருந்தால், திருவிழாக் கடையில் குத்தியிருந்தால், டாட்டூ அழகாக ஆறியிருந்தாலும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எச்ஐவி சந்தேகமென்றால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போங்கள், தடுப்பு மருந்து அதற்குள்தான் தொடங்க முடியும். ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி உண்டு, சி-க்குக் கிடையாது. ரத்ததானம் 12 மாதம் கழித்துத்தான். சந்தேகம் கேட்க 104, அவசரத்துக்கு 108. வணக்கம்.