பொன் தூவி வரைந்த ஓவியம்: ஜப்பானின் உருஷிக் கலை

வணக்கம். ஜப்பானிய ஓவியம் என்றதும் ஹொகுசாயின் பேரலையும் பட்டில் வரைந்த தொங்கு ஓவியங்களும்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. அவற்றுக்கு எந்த வகையிலும் சளைக்காத ஓர் ஓவிய மரபு, கைவினைப் பொருள் என்ற பெயரில் ஓரமாக ஒதுக்கப்பட்டுவிட்டது. உருஷி என்னும் மரப்பாலால் மரப்பெட்டியின்மேல் கோடு இழுத்து, அதன் ஈரம் போவதற்குள் பொற்பொடி தூவி உருவாக்கும் 'மகி-எ' கலையைத்தான் சொல்கிறேன். அதை வெறும் அலங்காரமாகப் பார்ப்பது அநியாயம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

திரையில் தெரியும் இந்தக் கறுப்புப் பெட்டியைப் பாருங்கள். கியோத்தோவில் துணி வணிகக் குடும்பத்தில் பிறந்த ஓகத்தா கோரின் (1658–1716) உருவாக்கிய எழுதுபொருள் பெட்டி இது. இப்போது தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் தேசியப் பொக்கிஷமாக இருக்கிறது. மேல்தட்டில் மை அரைக்கும் கல்லும் தூரிகையும், கீழ்த்தட்டில் தாளும் வைப்பதற்கான இரண்டடுக்குப் பெட்டி. ஐரிஸ் மலர்கள் சிப்பியால் பதிக்கப்பட்டிருக்கின்றன. இலையும் தண்டும் பொன்னால் வரையப்பட்டிருக்கின்றன. அவற்றின் ஊடே செல்லும் பாலத்தின் பலகைகளோ வெறும் ஈயத்தகடுகள். பளபளக்கும் பொன்னுக்கும் சிப்பிக்கும் நடுவே மங்கிய, சொரசொரப்பான ஈயத்தை வைக்கத் துணிந்ததில்தான் கோரினின் மேதைமை தெரிகிறது. மூடியில் தொடங்கும் பாலம் விளிம்பில் நின்றுவிடாமல் மடிந்து பக்கவாட்டில் இறங்குவதால், பெட்டியைச் சுற்றி வந்தால்தான் ஓவியம் முழுமையாகப் பிடிபடும்.

'இசே கதைகள்' என்ற பழைய நூலில், தலைநகரை விட்டு வெளியேறிய ஒருவன், யாட்சுஹாஷி என்ற இடத்தில் ஐரிஸ் பூத்துக் கிடப்பதைக் கண்டு, ஊரில் விட்டுவந்த மனைவியை நினைத்துப் பாடுவதாக ஒரு பகுதி உண்டு. பெட்டியில் அந்த மனிதன் இல்லை. பூவும் பாலமும் மட்டுமே இருக்கின்றன. தோக்கியோவின் நெசு அருங்காட்சியகத்தில் உள்ள கோரினின் புகழ்பெற்ற மடிப்புத்திரை ஓவியத்திலோ, பொற்றகட்டுப் பின்னணியில் ஐரிஸ் மலர்கள் மட்டுமே இருக்கின்றன, பாலமும் இல்லை. திரையை ஓவியம் என்றும் பெட்டியைக் கைவினை என்றும் பிரிப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது? ஒரே கற்பனை, ஒரே கை, பொருள் மட்டும் வேறு.

கோரினுக்கு முன்னோடி, 17ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தின் கலைஞர் ஹோனாமி கோஎட்சு. அவர் பெயரில் வழங்கும் 'படகுப்பாலம்' என்ற பெட்டியின் மூடி குன்றுபோல் உப்பியிருக்கும். பொன்னால் வரைந்த படகுகளின் குறுக்கே அகலமான ஈயப்பட்டை ஒன்று பாலமாகக் கிடக்கும். அதன்மேல் ஒரு பழம்பாடலின் எழுத்துகள் வெள்ளியில் பதிக்கப்பட்டிருக்கின்றன. பாடலில் படகுப்பாலம் என்று வரவேண்டிய இடத்தை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறார்கள். அந்த ஈயப்பட்டையே அங்கே சொல்லாக நிற்கிறது. கவிதையும் எழுத்தழகும் ஓவியமும் ஒன்றாகிவிட்ட இந்த மூடியை எந்த வகையில் சேர்ப்பது என்று கேட்பதே வீண்.

இப்போது பொருளுக்கு வருவோம். நம் ஊர் மரப்பொம்மைகளில் ஏற்றும் அரக்கு ஒரு பூச்சி சுரப்பது. சூடு பட்டால் இளகும். உருஷி அப்படியல்ல. அது மரத்தின் பால், ஒருமுறை இறுகிவிட்டால் சூட்டுக்கோ சாராயத்துக்கோ அமிலத்துக்கோ எளிதில் அசையாது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் வளர்ந்த மரத்தின் பட்டையில் கோடைமுழுவதும் சில நாள் இடைவெளியில் கீறல்கள் போட்டு, ரப்பர் பால் எடுப்பதுபோலச் சொட்டுச் சொட்டாகச் சேகரித்தால், ஒரு மரத்திலிருந்து கிடைப்பது சுமார் 200 கிராம்தான். பருவம் முடிந்ததும் அந்த மரத்தை வெட்டிவிடுகிறார்கள். அடிக்கட்டையிலிருந்து புதிய துளிர் வரும். பச்சைப் பால் தோலில் பட்டால் கொப்புளமும் கடும் அரிப்பும் வரும்.

இதில் என்னை வியக்கவைப்பது அது இறுகும் விதம். வெயிலிலோ காற்றிலோ வைத்து இதைக் காயவைக்க முடியாது. பாலில் உள்ள நொதி ஒன்று காற்றின் ஈரத்தோடு வேலை செய்தால்தான் உருஷி கெட்டிப்படும். அதனால் பூசிய பொருளை 70 முதல் 80 சதவீத ஈரப்பதம் உள்ள மர அலமாரிக்குள் வைக்கிறார்கள். மெல்லிய பூச்சு, அலமாரி, தேய்ப்பு, மீண்டும் பூச்சு என்று மாதக்கணக்கில் வேலை நீளும். பூசும் தூரிகையின் இழை மனிதத் தலைமுடி. பென்சிலில் கரி இருப்பதுபோல அந்த முடி மரப்பிடியின் உள்ளே நீண்டு செல்வதால், முனை தேயத் தேய மரத்தைச் சீவிப் புது முனை எடுத்துக்கொள்கிறார்கள். ஓவியம் வரைய மயிரிழைபோன்ற மெல்லிய தூரிகை வேறு. கோடு ஈரமாக இருக்கும்போதே சிறு குழாயில் பொற்பொடியை எடுத்து, விரலால் மெல்லத் தட்டி, அடர்த்தியாக ஓரிடத்திலும் பனிபோல வேறிடத்திலும் விழச் செய்கிறார்கள். பிறகு அதன்மேல் உருஷி பூசி, இறுகியதும் கரித்துண்டால் தேய்த்தால், உள்ளே மறைந்த பொன் சிறிது சிறிதாக மேலே வரும். எங்கே தேய்ப்பை நிறுத்துவது என்பது முழுக்க முழுக்கக் கலைஞனின் கண்ணைப் பொறுத்தது. கொஞ்சம் மிஞ்சினால் பொன்னே போய்விடும்.

ஹெய்யான் காலத்திலேயே (794–1185) மகி-எ முதிர்ந்த கலையாகிவிட்டது. மாட்டுவண்டிச் சக்கரங்கள் உலர்ந்து வெடிக்காமலிருக்க ஆற்றில் ஊறவைக்கும் காட்சியைப் பொன்னிலும் சிப்பியிலும் காட்டும் 12ஆம் நூற்றாண்டுப் பெட்டி அதற்குச் சாட்சி. வடஜப்பானின் ஹிராய்சுமியில் 1124இல் முடிந்த பொன்மண்டபத்தின் தூண்களும் உருஷியும் சிப்பியும் சேர்ந்த வேலைதான். 1639இல், நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகன் இயெமிட்சுவின் மகளுக்கு, அவள் இன்னும் குழந்தையாக இருந்தபோதே நடந்த திருமணத்துக்காகக் மகி-எ கலைஞர்களான கோஆமி குடும்பத்தார் செய்த சீர்ப்பொருள்கள் நகோயாவில் இருக்கின்றன. வேலைப்பாட்டில் அவை உச்சம். ஆனால் அந்தச் செழிப்பைவிடக் கோரினின் துணிச்சலே எனக்கு உயர்ந்ததாகத் தோன்றுகிறது.

அப்படியானால் ஓவியம் வேறு, கைவினை வேறு என்ற பிரிவினை எப்போது வந்தது? மெய்ஜி காலத்தில் (1868–1912), ஐரோப்பாவின் வகைப்பாடுகளோடு வந்தது. 1873 வியன்னா உலகக் கண்காட்சியில் உருஷிப் பொருள்கள் பாராட்டுகளை அள்ளின. அங்கிருந்து திரும்பிய பொருள்களை ஏற்றிவந்த நைல் என்ற பிரெஞ்சுக் கப்பல் 1874இல் ஜப்பானின் இசு தீபகற்பத்தருகே மூழ்கியது. ஓராண்டுக்கும் மேலாகக் கடலடியில் கிடந்து மீட்கப்பட்ட உருஷிப் பொருள்கள் பெரிதாகக் கெடாமல் இருந்ததைக் கண்டு எல்லோரும் வியந்தார்கள். இத்தனை புகழ் இருந்தும், 1907இல் அரசு தொடங்கிய கலைக் கண்காட்சியில் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் மட்டுமே இடம் கிடைத்தது. கைவினைக்குத் தனிப் பிரிவு கிடைக்க 1927 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தப் பிரிவினைக்குத் தன் வேலையாலேயே பதில் சொன்னவராக நான் ஷிபாத்தா செஷினை (1807–1891) பார்க்கிறேன். சிறுவனாக உருஷிப் பட்டறையில் சேர்ந்து, பின்பு முறையாக ஓவியமும் பயின்ற அவர், ஃபூஜி மலைக் காட்சியை மகி-எயில் சட்டமிட்ட படமாகச் செய்து வியன்னாவுக்கு அனுப்பினார். சுருட்டும்போது வெடிக்காதபடி உருஷியைப் பக்குவப்படுத்தி, தாளிலேயே அதைக்கொண்டு ஓவியம் வரைந்தார்.

இன்று ஜப்பான் பயன்படுத்தும் உருஷியில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. உள்நாட்டுப் பாலில் பெரும்பங்கைத் தருவது இவாத்தே மாகாணத்தின் ஜோபோஜி பகுதி. உருஷிக்குப் பேர்போன வாஜிமா நகரம் 2024 ஜனவரி 1 நிலநடுக்கத்திலும் தீயிலும் பட்டறைகளை இழந்தது. செப்டம்பரில் வெள்ளமும் வந்தது. அங்கே மீண்டும் வேலை தொடங்கியிருப்பவர்களை நான் மனமாரப் போற்றுகிறேன்.

இந்தப் பொருள்களை நேரில் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால், மேலிருந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். மூடியின் மட்டத்துக்குக் குனிந்து, பக்கவாட்டில் மெல்ல நகர்ந்து பாருங்கள். ஒளி படும் கோணம் மாறும்போது சிப்பி நீலத்திலிருந்து இளஞ்சிவப்புக்குப் போகும், ஈயம் மட்டும் அசையாமல் நிற்கும். வெளிச்சம், அதிலும் புற ஊதாக் கதிர், உருஷியின் முதல் எதிரி என்பதால் தேசியப் பொக்கிஷங்களை ஆண்டுமுழுவதும் காட்சிக்கு வைப்பதில்லை. கோரினின் ஐரிஸ் திரையை நெசு அருங்காட்சியகம் பெரும்பாலும் அந்தப் பூ பூக்கும் பருவத்தில், ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் காட்டுகிறது. எழுதுபொருள் பெட்டிக்கு அப்படி நிலையான மாதம் கிடையாது. பயணச்சீட்டு எடுக்கும் முன் தேசிய அருங்காட்சியகத்தின் காட்சி அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.