செத்த லோகிதாசனுக்குக் கைதட்டிய சபை

(திருகோணமலையில் ஒரு கோயில் திருவிழாப் பட்டிமன்றத்தில் 'பாராட்டே' அணிக்காகப் பேசியது)

நடுவர் ஐயாவுக்கும், இரண்டு அணியினருக்கும், கோயில் முன்றலில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் என் ஊர்ச் சனத்துக்கும் வணக்கம். பந்தலுக்குப் பின்னால் நாலைந்து மான்களும் வந்து நிற்கின்றன. கச்சான் கோது தேடி வந்திருக்கும். இந்த ஊரில் மானும் சபைதான், அவற்றுக்கும் வணக்கம்.

"மாணவர் மேடைக்குச் சபை கொடுக்க வேண்டியது பாராட்டா, திருத்தமா?" இதுதான் தலைப்பு. பாராட்டே என்று பேச வந்திருக்கிறேன். ஐந்து பக்கம் எழுதிக்கொண்டும் வந்தேன். ஆனால் சற்று முன் எதிரணி அண்ணன் ஒன்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறார். அதற்குப் பதில் சொல்லாமல் இந்தத் தாள்களை நான் விரிக்க மாட்டேன்.

என்ன சொன்னார்? "கரண்ட் போனதற்குக்கூடக் கைதட்டுகிற சபை இது. இந்தச் சபையின் கைதட்டலை வைத்து ஒரு பிள்ளை என்னத்தைப் படிக்கும்?" நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். நல்லாகச் சொன்னார், சிரிக்கத்தான் வேண்டும். ஆனால் அண்ணா, கரண்ட் போன அந்த இரவில் நீங்கள் அந்த மண்டபத்தில் இல்லை. நான் இருந்தேன். மூன்றாவது வரிசை, ஓரக் கதிரை. நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

பாடசாலையின் பெயர் வேண்டாம். இசை நாடகம், அரிச்சந்திர மயான காண்டம். நடிகமணி வி. வி. வைரமுத்து ஐயா காங்கேசன்துறையிலிருந்து புறப்பட்டு ஆயிரக்கணக்கான மேடைகளில் பாடின அதே காண்டம். பழக்கினது மூன்று மாதம், பின்னேரம் பின்னேரமாக. அரிச்சந்திரனுக்கு 15 வயது. சந்திரமதிக்கு 16. பாம்பு கடித்துச் செத்துக் கிடக்கிற லோகிதாசனுக்கு 13.

கதை உங்களுக்குத் தெரியும். செத்த மகனைத் தூக்கிக்கொண்டு தாய் சுடலைக்கு வருகிறாள். சுடலை காக்கிறவன் அவளுடைய புருசன். அடையாளம் தெரியாமல் கூலி கேட்கிறான்: கால் பணம், முழத்துண்டு, வாய்க்கரிசி. அவளிடம் எதுவும் இல்லை. இந்த இடத்தில் அழாத சபையை நான் கண்டதில்லை. அன்றைக்கும் மண்டபம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஐப்பசி மழை விட்ட இரவு. யன்னல் எல்லாம் திறந்து, உள்ளே ஒரே நுளம்பு.

அந்த நேரம் போனது கரண்ட்.

மைக் நின்றது. விசிறி நின்றது. சந்திரமதியின் பாட்டு பாதியில் நின்றது. முந்நூறு பேர் கும்மிருட்டில். ஒரு குழந்தை வீரிட்டது. பிறகு ஒரு போன் வெளிச்சம், அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் மண்டபம் முழுக்க. மேடையைப் பார்க்கிறோம். அரிச்சந்திரன் தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திகைத்து நிற்கிறான். சந்திரமதி தலைவிரி கோலத்தோடு திரைப் பக்கம் எட்டிப் பார்க்கிறாள், டீச்சர் என்ன சொல்லப்போகிறா என்று. மிருதங்கக்காரர் எழும்பிவிட்டார். ஒருவன் மட்டும் அசையவில்லை. கை கால் நீட்டி, வாய் லேசாகத் திறந்து, அப்படியே கிடக்கிறான் லோகிதாசன்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு வயதுபோன அம்மாவின் குரல். "எழும்பு ராசா! கரண்ட் போயிட்டுது, எழும்பு!"

அசைவில்லை.

"எழும்பன் ராசா!"

கண்ணைத் திறக்காமல், தலையைத் திருப்பாமல், மேடையிலிருந்து பதில் வந்தது. "அம்மம்மா, நான் செத்துப்போயிருக்கிறன்."

அதற்குத்தான் அண்ணா கைதட்டினோம்! கரண்ட் போனதற்கு ஒருத்தரும் தட்டவில்லை. பிணம் பதில் சொன்னதற்குத் தட்டினோம்.

இன்னொருதரம் சொல்லட்டா? அந்த மூலையில் இருக்கிற தம்பிமார் கேட்கிறார்கள், அதனால் சொல்கிறேன். இந்த முறை அந்தப் பிள்ளையின் பக்கத்தில் இருந்து. நாடகம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய் அவனைப் பிடித்தேன். முகத்தில் பூசின பவுடர் வியர்வையில் கோடு கோடாக வழிந்திருந்தது. இடது கண்ணிமை வீங்கியிருந்தது. "என்னப்பன் கண்ணில்?" என்றேன். "நுளம்பு சேர்" என்றான். பாட்டு தொடங்கின உடனேயே இமையில் வந்து குந்தினதாம். அடிக்கவும் ஏலாது, ஊதவும் ஏலாது, இமையைச் சுருக்கவும் ஏலாது, செத்தவன் அல்லவா? குடிக்க விட்டுவிட்டான். குடித்து முடித்துப் பறக்குமட்டும் கிடந்திருக்கிறான்.

"சரி, அம்மம்மா கூப்பிட்டபோது ஏன் கதைத்தாய்?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். "அது பிழைதான் சேர். பிணம் கதைக்கக் கூடாது எண்டு டீச்சர் சொன்னவ. ஆனா பதில் சொல்லாட்டி அம்மம்மா விடமாட்டா. மேடைக்கே வந்திருப்பா. அதுதான் உதட்டை அசைக்காமச் சொன்னன்."

உதட்டை அசைக்காமல்! 13 வயது! நடுவர் அவர்களே, நம்முடைய தாத்தாமார் காலத்து நாடகக் கொட்டகையில் சபை 'ஒன்ஸ்மோர்' என்று கத்தினால், செத்துக் கிடந்த ராசா எழும்பி வந்து இன்னொருதரம் பாடிவிட்டுத் திரும்பப் போய்ச் செத்துக் கிடப்பாராம். பெரிய பெரிய ராசபார்ட்டுகளே எழும்பினார்கள். இந்தப் பிள்ளை பெற்ற தாயின் தாய் கூப்பிட்டும் எழும்பவில்லை.

கதை அதோடு முடியவும் இல்லை. கரண்ட் வரவே இல்லை, நாடகம் நிற்கவும் இல்லை. ஆர்மோனியத்துக்குக் கரண்ட் எதற்கு? முன்வரிசைக்காரர் போனைத் தூக்கி மேடைக்கு வெளிச்சம் பிடித்தார்கள். கீழிருந்து போன வெளிச்சத்தில் அரிச்சந்திரனின் நிழல் பின் திரையில் இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு மைக் இல்லை, மண்டபம் முழுக்கக் கேட்கப் பாட வேண்டும். தொண்டையைத் திறந்து மேல் சுதிக்குப் போனான். குரல் இரண்டாகப் பிளந்தது.

மகரக்கட்டு, குரல் உடைகிற பருவம். ஆண்பிள்ளையாகப் பிறந்த எல்லாரும் தாண்டி வந்த காலம் அது. பாடுகிற பிள்ளைக்கு மட்டும் அது ஒரு கண்டம். 1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவர்களை வைத்து நாடக சபை நடத்தினாரே, அந்தக் காலத்து பாய்ஸ் கம்பெனிகளில் ஒரு பையனுக்கு மகரக்கட்டு வந்தால் பாட்டு வேடம் கைவிட்டுப் போகும். நேற்றுவரை ராசா, இன்றைக்கு மேடை ஓரத்தில் நிற்கிற சேவகன்.

பின்னால் இரண்டு மூன்று பெடியன்கள் சிரித்தார்கள். ஒருவன் போனை வீடியோ எடுக்கத் தூக்கினான். அரிச்சந்திரன் எச்சிலை விழுங்கினான், கண் கலங்கிவிட்டது. அந்த இடத்தில் எங்கள் வரிசையில் இருந்த ஒரு பென்சன் எடுத்த தபால்காரர், அந்த வரியை விட்ட இடத்திலிருந்து பிடித்தார். இருந்த இருப்பிலேயே, மெல்லிய குரலில். அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர். சின்ன வயதில் விடிய விடிய இருந்து வைரமுத்து ஐயாவைக் கேட்ட தலைமுறை, எல்லா வரியும் மனப்பாடம். அரை மண்டபம் பிற்பாட்டுப் பாடிற்று. பிள்ளை அந்தப் பிற்பாட்டில் ஏறி நின்று மிச்சத்தைப் பாடி முடித்தான். கூத்தில் ஆடுகிறவனுக்கு மூச்சு வாங்கும்போது பாட்டைத் தாங்கிப் பிடிக்கத்தான் பிற்பாட்டு. சபையின் வேலையும் அதுதான் என்று அன்றைக்குக் கண்டேன்.

எதிரணித் தங்கை கேட்டா, "குரல் உடைந்த பிள்ளைக்கு ஏன் அரிச்சந்திரன் கொடுத்தீர்கள் என்று கேட்கக் கூடாதா?" கேட்கலாம் தங்கச்சி. கேட்கத்தான் வேண்டும். எப்போது? நம்முடைய கிழக்குக் கூத்து இதற்கு எப்போதோ வழி வைத்துவிட்டது. கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஆளுக்கு ஆள் சட்டம் கொடுப்பார், அதாவது அவரவர் பாட்டை எழுதிக் கையில் கொடுப்பார், மாதக்கணக்கில் பழக்குவார், சதங்கை அணிவார்கள். அரங்கேற்றத்துக்கு முன்னே அடுக்குப் பார்த்தல் என்று ஒரு தனி இரவு உண்டு. கூத்து முழுவதையும் ஆடவிட்டு, விசயம் தெரிந்த பெரியவர்கள் இருந்து பார்த்துப் பிழை சொல்வார்கள். தாளம் பிசகினால் அங்கே சொல்லலாம், குரல் போனால் அங்கே ஆளை மாற்றலாம். பேராசிரியர் வித்தியானந்தன் 1962இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 'கர்ணன் போர்' கூத்தை வெட்டிச் சுருக்கினார், அது திருத்தம் இல்லையா என்றும் கேட்டீர்கள். திருத்தம்தான். ஒத்திகையில் செய்த திருத்தம். சனத்தின் முன்னால் மேடையேறிய மாணவனைப் பார்த்து அவர் கத்தரிக்கோலை நீட்டவில்லை. அரங்கேற்றம் என்று வந்துவிட்டால் ஊருக்கு ஒரே வேலை: சால்வையும் மாலையும் கொண்டுபோய்ப் போடுவது.

புள்ளி போடுவதற்கு வேறு இடம் இருக்கிறது. தமிழ்த் தினப் போட்டியில் கோட்டத்தில் ஒருதரம், வலயத்தில் ஒருதரம், மாகாணத்தில் ஒருதரம், அதையும் தாண்டினால் அகில இலங்கையில் ஒருதரம் என்று நடுவர்கள் தாளும் பேனையுமாக இருக்கிறார்கள். இத்தனை நடுவருக்கும் பதில் சொல்லிவிட்டு வருகிற பிள்ளைக்கு, கதிரையில் இருக்கிற முந்நூறு பேரும் நடுவராகிவிட்டால், அது யாரை நம்பிப் பாடும்?

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா. கேட்டது. அந்த ஐந்து பக்கத்தை நான் விரிக்கவே இல்லை, விரிக்கப்போவதும் இல்லை. ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன். இதை அவவிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன்.

அந்த அம்மம்மாவைப் பார்க்க அடுத்த கிழமை போனேன். நிலாவெளிப் பக்கம், கடற்கரைக்கு இரண்டு வளவு தள்ளி வீடு. பிளேன்டீ தந்தா. நான் சிரித்துக்கொண்டே கேட்டேன், "ஏனம்மா, நாடகத்துக்கு நடுவில் இப்படிக் கூப்பிட்டுப் பிள்ளையைக் குழப்பினீங்கள்?"

அவ சிரிக்கவில்லை. சுவரைக் காட்டினா. பள்ளிக்கூட உடுப்போடு ஒரு பையனின் படம், பிளாஸ்டிக் பூமாலை போட்டு. அவவின் கடைசி மகன். 2004 மார்கழி 26, சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை. அவனுக்கு அப்போது 12 வயது.

"அடுத்த நாள்தான் தம்பி கண்டெடுத்தது. பள்ளிக்கூடத்து விறாந்தையில பாயில வளத்தியிருந்தாங்கள். கையும் காலும் நீட்டி, வாய் கொஞ்சம் திறந்து. நித்திரை கொள்ளுற மாதிரியே இருந்தான். எழும்பு ராசா, எழும்பு ராசா எண்டு எத்தனைதரம் கூப்பிட்டன் தெரியுமோ. இவன் அங்க மேடையில கிடக்க எனக்கு நாடகம் எண்டது தெரியும் தம்பி. கரண்ட் இருக்குமட்டும் தெரியும். இருட்டினாப் பிறகு தெரியேல்லை."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு சொன்னா: "அண்டைக்கு அவன் ஒண்டும் சொல்லேல்லை. இவன் சொன்னான்."

அண்ணா, அன்றிரவு அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் அவவின் கடற்கரைச் சனம். அந்தப் பாயையும் அந்த விறாந்தையையும் கண்டவர்கள். மேடையிலிருந்து "நான் செத்துப்போயிருக்கிறன்" என்று பிள்ளையின் குரல் வந்தபோது முதலில் ஒரு சிரிப்பு, பிறகு ஒரு கணம் சத்தமே இல்லை, அப்புறம்தான் அந்தக் கைதட்டல் எழும்பிற்று. நான் திரும்பிப் பார்த்தேன். போன் வெளிச்சத்தில் அவ தெரிந்தா. அவ கைதட்டவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தா. இரண்டு பக்கமும் இருந்த பெண்கள் ஒரு கையால் அவவின் முதுகைத் தடவிக்கொண்டு, மற்றக் கையால் முன் கதிரையின் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

வணக்கம்.