அச்சு அசல்

வணக்கம் நேயர்களே. நான் சுங்கை சிப்புட்காரன். முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக் கொடுத்துவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன். சனிக்கிழமை மதியமானால் எங்கள் தாமான் குடியிருப்பு மண்டபத்தில் பத்துப் பதினைந்து பேர், பிள்ளைகளும் பெரியவர்களுமாக, லினோ வெட்ட, அதாவது லினோ என்கிற விரிப்பில் படம் செதுக்கி அச்செடுக்க, வந்துவிடுவார்கள். அதைப் பற்றிக் கொஞ்சம் பேசுங்கள் என்று நிலையத்தில் கூப்பிட்டார்கள், வந்துவிட்டேன்.

ஒரு மனக்குறையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பல வருடங்களுக்கு முன்பு ஒரு கண்காட்சிக்கு என் படம் ஒன்றைக் கொண்டுபோனேன். ரப்பர் தோட்டத்தில் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மர நிரையில் நடந்து வருகிற ஒரு பெண், பலகையில் செதுக்கி, மை பூசித் தாளில் எடுத்தது. கீழே பென்சிலால் 3/20 என்று எழுதியிருந்தேன். படங்களை வாங்கி வைத்தவர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "இது காப்பிதானே சார், ஒரிஜினல் எங்கே?" என்று கேட்டார். இதுதான் ஒரிஜினல் என்றேன். "அப்போ மற்ற பத்தொன்பது?" அதுவும் ஒரிஜினல்தான் என்றேன். அவர் முகத்தில் நம்பிக்கையே வரவில்லை. படம் அன்றைக்கே என்னோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டது. ரொம்ப நாள் அது மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது, அவர் மேல் கோபம் என்று சொல்ல முடியாது, அவருக்குச் சரியாக விளக்கிச் சொல்ல அன்றைக்கு எனக்குத் தெரியவில்லையே என்றுதான்.

பதில் நம்ம வீட்டுப் பேச்சிலேயே இருக்கிறது. பிள்ளை பிறந்ததும் பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள்? "அச்சு அசல் அப்பா மாதிரியே இருக்கான்" என்பார்கள். அச்சையும் அசலையும் ஒட்டவைத்து ஒரே மூச்சில் சொல்கிற பழக்கம் நமக்கு இருக்கிறது. அச்சு முறுக்கு சுடுகிறவர்களைக் கேளுங்கள், இதில் எது ஒரிஜினல் முறுக்கு, எது காப்பி முறுக்கு என்று. அச்சோவியமும் அப்படித்தான். எங்கேயோ ஒரு படம் வரைந்து வைத்து அதற்கு நகல் எடுக்கிற வேலை கிடையாது இது. பலகையில் இருப்பது இன்னும் படம் ஆகவில்லை, இடம் வலம் மாறி, மை அப்பிய ஒரு கட்டை அது. தாளை உரித்து எடுக்கிற நொடியில்தான் படம் முதல்முதலாகப் பிறக்கிறது, இருபது முறை எடுத்தால் இருபது முறை பிறக்கிறது. அந்த 3/20 என்றால் இருபதில் மூன்றாவது என்று அர்த்தம். இருபது முடிந்ததும் பலகையில் குறுக்கே ஒரு கோடு கீறிவிடுவார்கள், அதற்கப்புறம் யாரும் அதில் எடுக்கக் கூடாது என்று.

என் அம்மா பால்மரம் சீவியவர். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது, பார்த்திருப்பீர்கள். அந்த மரங்களோடு ஆரம்பித்த கதையில்தான் நம்ம தாத்தா பாட்டிமார் எல்லாம் வந்து சேர்ந்தார்கள். விடுமுறை நாளில் அம்மாவோடு நானும் இருட்டோடு கிளம்பிப் போவேன். நெற்றியில் விளக்கு, கையில் உளி. முதலில் நேற்றுச் சீவிய கோட்டில் உறைந்து கிடக்கும் கோட்டுப்பாலை இழுத்து உரிப்பார், அப்புறம் உளியை வைத்துச் சாய்வாக ஒரே இழுப்பு. வெற்றிலைக் காம்பு கனத்துக்குப் பட்டை சுருண்டு கீழே விழும். ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம் பட்டுவிடும், அந்த இடம் முண்டும் முடிச்சுமாக வளர்ந்து பின்னால் சீவவே முடியாமல் போகும். மேலாகப் போனால் பால் வராது. அந்த நூலிழை இடைவெளியை அம்மா கண்ணால் பார்க்கவில்லை, அந்த இருட்டில் என்ன தெரியும், மணிக்கட்டுக்குத்தான் தெரிந்திருந்தது.

பின்னால் கல்லூரியில் என் கையில் முதல்முதலாக லினோ உளியைக் கொடுத்தபோது, அதன் முனை ஆங்கில வி எழுத்து மாதிரி மடிந்திருந்தது. அம்மாவின் உளியைச் சுண்டுவிரல் அளவுக்குச் சுருக்கிக் கொடுத்த மாதிரி. எனக்குக் கண் கலங்கிவிட்டது, பக்கத்தில் இருந்தவர்களுக்குக் காரணம் புரியவில்லை.

லினோ என்பது தரையில் விரிக்கிற விரிப்புக்காக 1860களில் இங்கிலாந்தில் பிரெடெரிக் வால்டன் கண்டுபிடித்த பொருள். ஆளிவிதை எண்ணெயையும் தக்கைத் தூளையும் சேர்த்து இறுக்கிச் சணல் துணியில் படிய வைத்தது. மரத்துக்கு நார் இருக்கும், உளி அதன் போக்கில் இழுத்துக்கொண்டு போகும். லினோவுக்கு நார் கிடையாது, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வளைந்து கொடுக்கும். குளிர் நாடுகளில் அதைச் சூடு காட்டித்தான் வெட்டுவார்கள், நம்ம ஊர் வெயிலில் அந்தக் கவலையே இல்லை. வெட்டிய இடம் தாளில் வெள்ளையாக நிற்கும், வெட்டாமல் விட்ட மேடுதான் மை வாங்கும். மையை உருளையால் தேய்க்கும்போது காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். பதம் சரியாக இருந்தால் எண்ணெயில் கடுகு மெல்லப் பொரிகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அப்புறம் தாளை வைத்துச் சோற்றுக் கரண்டியின் முதுகால் நிதானமாகத் தேய்த்து, ஒரு மூலையைப் பிடித்துத் தூக்க வேண்டியதுதான்.

எங்கள் வகுப்பில் ஒரு சின்னப் பையன் "அம்மா" என்று எழுத்தை வெட்டினான். அழகாக வெட்டியிருந்தான், ஆனால் நேராக வெட்டிவிட்டான். தாளைத் தூக்கினால் எழுத்தெல்லாம் திரும்பி நிற்கிறது. உதடு துடித்து அழுகை வந்துவிட்டது அவனுக்கு. கண்ணாடி முன்னால் கொண்டுபோய்க் காட்டினேன், கண்ணாடிக்குள் நேராகத் தெரிந்தது. அன்றிலிருந்து அவன்தான் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் மெல்லிய தாளில் எழுதித் திருப்பி ஒட்டிக்கொள்ளச் சொல்லித் தருகிறான்.

செம்பில் செய்கிற வேலை இதற்கு நேர் எதிர். தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் போட்டால் கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும், அந்தப் பள்ளத்தில்தான் மை தங்கும். ஈரத் தாளை வைத்து இரண்டு உருளைக்கு நடுவில் அழுத்தி எடுக்க வேண்டும். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் ஏறக்குறைய 300 படங்கள் இப்படிச் செய்தார். இந்தக் காரியம் நமக்குப் புதுசா? பாலில் ஆசிட் விட்டு உறையவைத்து, இரண்டு உருளைக்கு நடுவில் விட்டுக் கைப்பிடியைச் சுற்றி, கோடு கோடாக வரி விழுந்த ரப்பர் ஷீட்டாக எடுத்துப் புகையில் தொங்கவிட்ட சனம் நாம். பழைய ஷீட் மெஷின் ஒன்றை, வரி இல்லாத உருளை போட்டதை, ஒரு தோட்டத்திலிருந்து வாங்கி வந்து கம்பளித் துணி வைத்து அச்சு எடுத்துப் பார்த்தேன். முதலில் நிறையத் தாள் கிழிந்தது. இப்போது நன்றாகவே வருகிறது.

வரலாறு என்று பார்த்தால் சீனாவிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். துன்ஹுவாங் குகையில் கிடைத்த வைரசூத்திரம் என்கிற பௌத்த நூல் 868-ஆம் ஆண்டு மரப்பலகையில் அச்சடித்தது, தொடக்கத்திலேயே புத்தர் படம் இருக்கிறது. ஐரோப்பாவில் எனக்குப் பிடித்த கதை ஓவியர் டியூரரின் காண்டாமிருகம். மலாக்காவை 1511-இல் பிடித்தாரே போர்த்துகீசியர் அல்புகர்க், அவருக்கு குஜராத் சுல்தான் ஒரு காண்டாமிருகத்தைப் பரிசாகக் கொடுத்தார். அதை அவர் கப்பலேற்றித் தன் அரசருக்கு அனுப்ப, 1515-இல் லிஸ்பனில் போய் இறங்கியது. ஜெர்மனியில் இருந்த டியூரர் அந்த விலங்கைக் கண்ணால் பார்த்ததே இல்லை. யாரோ எழுதி அனுப்பிய குறிப்பையும் ஒரு கோட்டுப் படத்தையும் வைத்து மரத்தில் செதுக்கவைத்தார். உடம்பெல்லாம் இரும்புக் கவசம், முதுகில் இல்லாத ஒரு கொம்பு. அந்த அச்சு எங்கும் பரவி, அடுத்த 200 வருடத்துக்கு மேல் ஐரோப்பாவில் பலருக்குக் காண்டாமிருகம் என்றால் அதுதான். இருபது பேர் கையில் இருக்கிற படத்துக்கே ஒரு பலம் உண்டு, ஆயிரம் பேர் கைக்குப் போனால் எப்படி இருக்கும் பாருங்கள்.

அந்தப் பலத்தைத் தெரிந்து பயன்படுத்தியவர்களை நான் தனியாகக் கும்பிடுகிறேன். கேத்தே கோல்விட்ஸ், பெர்லினில் வாழ்ந்த பெண் ஓவியர், 1914 போரில் தன் மகனைப் பறிகொடுத்தவர். போரைப் பற்றி ஏழு மரச்செதுக்குகள் செய்தார். அதில் ஒன்றில் தாய்மார்கள் ஒருவரையொருவர் அணைத்துக்கொண்டு ஒரே மலை மாதிரி நிற்பார்கள், அந்தக் கைகளுக்கு இடையிலிருந்து பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள். லூ சுன் என்ற சீன எழுத்தாளர் அவருடைய படங்களைச் சீனாவில் பரப்பினார், 1931-இல் ஷாங்காயில் இளைஞர்களுக்கு மரச்செதுக்கு வகுப்பே நடத்தவைத்தார். அந்த அலைதான் பின்னால் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து, 1950களிலும் 60களிலும் இங்குள்ள சீன ஓவியர்கள் கூலிக்காரர்களையும் குடிசைகளையும் மரத்தில் வெட்டினார்கள்.

வங்காள ஓவியர் நந்தலால் போஸ் 1930-இல் லினோவில் வெட்டிய காந்தியை மறக்க முடியுமா? தண்டிக்கு உப்பெடுக்க நடந்த காந்தி. முழுக்கக் கறுப்பு, அதில் சில வெள்ளைக் கோடுகள், ஒரு கைத்தடி. அவ்வளவுதான், ஆனால் நடக்கிறார். மகாத்மா காந்தி பெயரில் பள்ளிக்கூடம் வைத்திருக்கிற ஊர் எங்கள் ஊர், அதனால் வகுப்புக்கு வருகிற எல்லோருக்கும் முதல் நாள் இந்தப் படத்தைத்தான் காட்டுவேன்.

சரி, தோட்டத்து லயத்து வீட்டில் சாமிப்படமாக மாட்டியிருந்த லட்சுமி? அதுவும் அச்சுதானே என்று கேட்பீர்கள். ஓவியர் ரவி வர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் வைத்து, கல்லச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல் என்று வைத்து எடுத்த படங்கள், அப்புறம் கோவில்பட்டி ஓவியர் கொண்டைய ராஜு வழியில் வந்த காலண்டர் சாமிகள், இவையெல்லாம் வரைந்த ஓவியத்துக்கு நகல்தான், நான் சொல்கிற வகையில் சேராது. ஆனாலும் அவற்றைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. எங்கள் பாட்டி அந்தப் படத்துக்கு முன்னால்தான் அரை நூற்றாண்டு விளக்கேற்றினார்.

இன்றைக்கு நம் நாட்டில் இந்தக் கலையை உயிரோடு வைத்திருப்பவர்களில் சபா மாநிலம் ரானாவைச் சேர்ந்த பங்ரோக் சுலாப் குழுவினரைச் சொல்ல வேண்டும். 2010-இல் தொடங்கியவர்கள். சுலாப் என்றால் குடிசை. ஓர் ஆள் உயரத்துக்கும் மேலான பலகையை எல்லோருமாகச் சேர்ந்து செதுக்கி, மை பூசி, மேலே துணியை விரித்து, பாட்டுப் போட்டு அதன்மேல் ஏறி ஆடுவார்கள். மிதிக்கிற காலின் எடைதான் அவர்களுக்கு மெஷின். "ஜாங்ஙான் பெலி, பிக்கின் செண்டிரி" என்பது அவர்கள் வாசகம், வாங்காதே, நீயே செய் என்று. நம்ம தோட்டத்துப் பெண்களின் வாழ்க்கையை, காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தை, பால் பிடிக்கிற மங்கு கழுவுகிற தொட்டியை யார் இந்த அளவுக்குப் பெரிதாக வெட்டியிருக்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வராது. தோட்டங்களும் எண்ணெய் எடுக்கிற செம்பனையாக மாறிவிட்டன, சீவிய கைகளுக்கும் வயதாகிவிட்டது.

போன மாதம் பேரனைக் கொண்டுவிட வந்த ஒரு பாட்டி, பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பேரன் உளியைப் பிடித்த விதம் பொறுக்காமல் எழுந்து வந்து, "இப்படி இல்லய்யா, சாய்ச்சுப் பிடி" என்று வாங்கி ஒரே இழுப்பு. தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே ஆழம், ஒரு பிசிறு இல்லை. எத்தனையோ வருடம் வெட்டுகிற எனக்கு அந்தக் கோடு வராது. அவரை விடவில்லை நான். மூன்று சனிக்கிழமை உட்கார்ந்து தன் நிரையின் முதல் மரத்தை வெட்டினார், சாய்ந்த கோடு, மங்கு, காலடியில் கிடக்கிற நாய். பன்னிரண்டு எடுத்தோம். பென்சிலைக் கொடுத்து எண் போடச் சொன்னேன். முதல் தாளில் 1/12 என்று எழுதிவிட்டு, "கிள்ளானில் இருக்கிற மகளுக்கு இது, மற்றதை நீங்களே பார்த்துக் கொடுங்க தம்பி" என்றார்.

இன்னும் நான்கு மிச்சம் இருக்கிறது. சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு வருகிறவர்களுக்குக் காட்டுகிறேன். உளியும் லினோவும் நான் வைத்திருக்கிறேன், வரும்போது வீட்டிலிருந்து கனமான பழைய கரண்டி ஒன்று மட்டும் எடுத்து வாருங்கள்.