துணைப் பயிற்சியாளர் போனால் கூடவே யார் போவார்கள்?

வணக்கம். பின்னால் நிற்பவர்கள் முன்னால் வாருங்கள், முதல் வரிசை வழக்கம்போலக் காலியாகத்தான் இருக்கிறது.

இன்றைக்குப் பேசப்போவது அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் வருஷாவருஷம் நடக்கிற ஒரு சங்கதி. ஒரு அசிஸ்டென்ட் கோச் வேலையை விட்டுவிட்டு வேறு கல்லூரிக்குப் போகிறார். ஹெட் கோச் போனால் டிவியில் நாள் முழுக்க ஓடும், அசிஸ்டென்ட் போனால் நாலு வரிச் செய்தி. ஆனால் அந்த நாலு வரியைப் படித்ததும் ரசிகர்கள் கேட்கிற முதல் கேள்வி, போகிறவர் யாரையெல்லாம் கூட்டிக்கொண்டு போகப்போகிறார் என்பதுதான். ஆட்சேர்ப்பு, அதாவது பள்ளிப் பையன்களைக் கல்லூரி அணிக்குப் பிடித்து வருவது, படுத்துவிடும், இனி நல்ல பையன் ஒருத்தனும் இந்தப் பக்கம் வரமாட்டான் என்று புலம்பல் ஆரம்பித்துவிடும். அந்தப் பயத்தில் பாதி நியாயம், பாதி பதற்றம். என்னைக் கேட்டால், நிஜமாக அடிபடுவது கல்லூரியைவிட, போகிறவரை நம்பிய பையன்தான். அவனைப் பற்றித்தான் யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

ஒரு நிஜக் கதையை வைத்துக்கொண்டே பேசலாம். 2021 மார்ச்சில் இல்லினாய் பல்கலைக்கழக அணி தன் கல்லூரிக் கூட்டமைப்பான பிக் டென்னின் கோப்பையை ஜெயித்து, மார்ச்சில் நடக்கிற தேசியப் போட்டியான என்சிஏஏ போட்டிக்குள் நம்பர் ஒன் சீடாக, அதாவது தரவரிசையின் உச்சியில், நுழைந்து, இரண்டாவது சுற்றிலேயே லயோலா சிகாகோவிடம் தோற்று ஊர் திரும்பியது. அந்தப் புண் ஆறுவதற்குள் மே மாதம் அடுத்த அடி. ஹெட் கோச் பிராட் அண்டர்வுட்டின் இரண்டு அசிஸ்டென்ட்கள், ஆர்லாண்டோ ஆன்டிகுவாவும், எல்லோரும் சின் என்று கூப்பிடுகிற ரான் கோல்மனும், கென்டக்கிக்குப் போய்விட்டார்கள். ஒருவர் போனாலே கஷ்டம், இங்கே ஒரே கல்லூரிக்கு இரண்டு பேர்.

இவர்கள் யார் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். கோல்மன் சிகாகோக்காரர், அந்த ஊர்ப் பள்ளிகளிலும் கிளப்புகளிலும் ஊறியவர். சிகாகோ மார்கன் பார்க் பள்ளியில் ஆடிக்கொண்டிருந்த அயோ டோசன்மு, 2017 அக்டோபரில் இல்லினாய்க்கு வருகிறேன் என்று சொன்னார். அப்போது அண்டர்வுட் அங்கே ஒரு ஆட்டம்கூட ஆடவைத்திருக்கவில்லை. சொந்த மாநிலத்தின் பெரிய நகரத்திலிருந்து நல்ல பையன்கள் வெளியூருக்கே போய்க்கொண்டிருந்த கல்லூரிக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த ரசிகர்களைக் கேட்டால்தான் தெரியும்.

ஆன்டிகுவா வேறு ரகம். நியூயார்க் பிராங்க்ஸில் வளர்ந்தவர், பதினைந்து வயதில் தெருவில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் தலையில் குண்டு பாய்ந்து, அந்தக் குண்டு பல வருஷம் உள்ளேயே இருந்தது. அதோடுதான் பந்து விளையாடினார், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் போனார், ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் என்கிற, பந்தில் வித்தை காட்டும் அணியில் ஆடினார், டொமினிகன் குடியரசின் தேசிய அணிக்கே கோச்சாக இருந்தார். ஸ்பானிஷ் சரளமாகப் பேசுவார். இப்படிப்பட்ட ஒருவர் கரீபியன் குடும்பத்தின் வரவேற்பறையில் போய் உட்கார்ந்து உங்கள் பையனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றால், அந்த அம்மா நம்புவார். ஜமைக்காவிலிருந்து வந்த ஏழடி உயர கோஃபி காக்பர்ன் இல்லினாய்க்கு வந்ததும் போர்ட்டோ ரிக்கோவின் ஆன்ட்ரே குர்பேலோ வந்ததும் இவர் இருந்த காலத்தில்தான்.

சரி, அசிஸ்டென்ட் கோச் அப்படி என்னதான் செய்கிறார்? ஜூலை மாதம் சவுத் கரோலைனாவின் நார்த் அகஸ்டாவில் பீச் ஜாம் என்று ஒரு போட்டி நடக்கும், பள்ளி வயதுப் பையன்களின் கிளப் அணிகள் ஆடுவது. மைதான ஓரத்தில் வரிசையாக நாற்காலி போட்டு, கல்லூரிச் சின்னம் போட்ட சட்டையோடு கோச்சுகள் உட்கார்ந்திருப்பார்கள். ஆடிக்கொண்டிருக்கும் பையனிடம் அங்கே பேசக்கூடாது என்று விதி. அதனால் பேசாமல் உட்கார்ந்திருப்பதே வேலை. பையன் ஓடிவரும்போது தலையைத் திருப்பினால் அந்தச் சட்டை கண்ணில் பட வேண்டும், நேற்றும் இவர் வந்தாரே, இன்றைக்கும் வந்திருக்கிறாரே என்று அவன் மனதில் பதிய வேண்டும். காலை எட்டு மணி ஆட்டத்துக்கும் அவர்தான், ராத்திரி ஆட்டத்துக்கும் அவர்தான். ஹெட் கோச் நடுவில் ஒரு முறை வந்து, எல்லோரும் பார்க்க உட்கார்ந்துவிட்டுப் போவார்.

பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15-லிருந்து பையனுக்கு நேரடியாகப் போன் செய்யலாம், மெசேஜ் அனுப்பலாம். அன்றைக்கு நள்ளிரவு தாண்டியதும் போன் துடிக்க ஆரம்பிக்கும். ஆனால் கெட்டிக்கார அசிஸ்டென்ட் அதற்கு முன்பே வேறொன்றைக் கண்டுபிடித்திருப்பார்: இந்த வீட்டில் முடிவெடுக்கிறவர் யார்? அம்மாவா, மாமாவா, பாட்டியா, கிளப் கோச்சா? நம் ஊர்க் கட்சிகளில் மாவட்டச் செயலாளர் எப்படியோ அப்படித்தான் இவரும். மேடையில் தலைவர் பேசுவார், ஆனால் எந்தத் தெருவில் யார் சொன்னால் ஓட்டு விழும் என்பது இவருக்குத்தான் தெரியும். இவர் கட்சி மாறினால் கொடிக்கம்பம் அங்கேயேதான் இருக்கும், அந்தத் தெரு இருக்குமா என்பதுதான் சந்தேகம்.

இந்தச் செல்வாக்கு எவ்வளவு என்பதற்கு அசிங்கமான ஒரு சாட்சியும் உண்டு. 2017 செப்டம்பர் 26 அன்று எஃப்பிஐ நான்கு அசிஸ்டென்ட் கோச்சுகளைக் கைது செய்தது, ஆபர்ன், அரிசோனா, ஓக்லஹோமா ஸ்டேட், யுஎஸ்சி என்று ஆளுக்கொரு கல்லூரி. நாளைக்கு என்பிஏ என்கிற தொழில்முறை லீக்குக்குப் போகப்போகிற பையன்களைக் குறிப்பிட்ட ஏஜென்ட்டுகள், நிதி ஆலோசகர்கள் பக்கம் தள்ளிவிடுவதற்காகப் பணம் வாங்கினார்கள் என்பது வழக்கு. லஞ்சம் கொடுக்கிறவனுக்கு எப்போதுமே தெரியும், சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்று.

இல்லினாய்க்கு வருவோம். இரண்டு பேரும் போன அந்தக் கோடையில் காக்பர்ன், என்பிஏ அணிகள் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்டுக்கும் பெயர் கொடுத்திருந்தார், வேறு கல்லூரிக்கு மாறுவதற்கான டிரான்ஸ்ஃபர் போர்ட்டலிலும் பெயரைப் போட்டுவிட்டார். ஆன்டிகுவா பின்னாலேயே கென்டக்கிக்குப் போய்விடுவார் என்ற பேச்சு பலமாக அடிபட்டது. அவர் போகவில்லை. ஜூலையில் இல்லினாய்க்கே திரும்பி வந்தார், அந்த சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக 20.9 புள்ளி, 10.6 ரீபவுண்ட் (வளையத்தில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்தார், அணி விஸ்கான்சினோடு சேர்ந்து பிக் டென் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது. மே மாதம் ஒப்பாரி வைத்தவர்கள் மார்ச்சில் மத்தளம் கொட்டினார்கள்.

எப்படித் தப்பித்தார்கள்? அண்டர்வுட் காலி இடத்தை வெறுமனே நிரப்பவில்லை, போன கதவுக்கு அதே அளவில் கதவு மாட்டினார். சிகாகோ ஆள் போனதும் டீபால் கல்லூரியிலிருந்து இன்னொரு சிகாகோ ஆளான டிம் ஆண்டர்சனைக் கொண்டுவந்தார். இல்லினாயிலேயே ஆடிய பழைய மாணவர் செஸ்டர் ஃப்ரேசியரை வர்ஜீனியா டெக்கிலிருந்து அழைத்தார். அடுத்த வருஷமே சிகாகோவில் வளர்ந்து டெக்சஸ் டெக்கில் ஆடிக்கொண்டிருந்த டெரன்ஸ் ஷானன் இல்லினாய்க்கு வந்தார். இதே ஷானன் பள்ளிக் காலத்தில் முதலில் வருகிறேன் என்று வாய்வார்த்தை கொடுத்தது டீபாலுக்கு, ஆண்டர்சன் அங்கே இருந்தபோது. பழக்கம் எங்கேயும் போய்விடவில்லை, நாலு வருஷம் கழித்து வேறு விலாசத்தில் வேலைக்கு வந்தது. 2024-ல் அவரை வைத்துத்தான் இல்லினாய் என்சிஏஏ போட்டியில் கடைசி எட்டு அணிகளில் ஒன்றாக வந்தது. அங்கே கனெக்டிகட்டிடம் 77-52 என்று உதை வாங்கியது வேறு கதை.

அப்படியென்றால் வாங்கிக்கொண்ட கென்டக்கி ஜெயித்திருக்க வேண்டுமே? கென்டக்கிக்கு ஏன் அவசரம் என்று முதலில் பாருங்கள். கென்டக்கி ஹெட் கோச் ஜான் கலிபாரியோடு பத்து வருஷம் அசிஸ்டென்ட்டாக இருந்த கென்னி பெய்ன், உயரமான ஆட்டக்காரர்களை வளர்ப்பதில் பேர் போனவர், 2020 ஆகஸ்டில் என்பிஏ அணியான நியூயார்க் நிக்ஸுக்குப் போய்விட்டார். அடுத்த சீசனில் கென்டக்கி 9 வெற்றி, 16 தோல்வி. கோவிட் வருஷம் அது, எல்லாப் பழியையும் பெய்ன் போனதன்மேல் போட முடியாது, இருந்தாலும் ஊர் போட்டது. பிறகு கென்டக்கியின் அசிஸ்டென்ட்களில் டோனி பார்பி சென்ட்ரல் மிச்சிகனுக்கு ஹெட் கோச்சாகப் போனார், ஜோயல் ஜஸ்டஸ் அரிசோனா ஸ்டேட் போனார், அந்த இரண்டு நாற்காலிக்குத்தான் ஆன்டிகுவாவும் கோல்மனும். ஆட்சேர்ப்பு நன்றாகவே நடந்தது, 2023-ல் வந்த புதுப் பையன்கள் கூட்டம் நாட்டிலேயே முதலிடம் என்றார்கள். களத்தில்? 2022-ல் 15-ஆம் சீடான செயின்ட் பீட்டர்ஸிடம் தோல்வி, 2024-ல் 14-ஆம் சீடான ஓக்லண்டிடம் தோல்வி. ஆள் சேர்ப்பது ஒரு தொழில், சேர்ந்தவர்களை வைத்து மார்ச்சில் ஜெயிப்பது இன்னொரு தொழில்.

அப்புறம் பெய்ன் கதை. 2022-ல் தான் படித்த லூயிவில்லுக்கே ஹெட் கோச்சாக வந்தார். நியூ ஜெர்சியில் டிஜே வாக்னர் என்று ஒரு பையன், எல்லோரும் கண் வைத்திருந்த பையன். அவனுடைய தாத்தா மில்ட் வாக்னர் லூயிவில்லின் பழைய ஹீரோ, அவரையும் பெய்ன் வேலைக்கு எடுத்துக்கொண்டார். தாத்தாவே உள்ளே இருக்கிறார், பேரன் எங்கே போவான் என்று நினைத்தார்கள். ஆனால் அவனுடைய அப்பா டஜுவான் வாக்னருக்கு மெம்ஃபிஸில் கோச்சாக இருந்தவர் கலிபாரி. பேரன் கென்டக்கிக்குப் போனான். பெய்ன் முதல் சீசனில் 4 வெற்றி, 28 தோல்வி, அடுத்ததில் 8-24, வேலை போயிற்று. ஊரே கொண்டாடிய அசிஸ்டென்ட்டை ஹெட் கோச் நாற்காலியில் உட்காரவைத்தால் இப்படியும் ஆகும்.

2024 ஏப்ரலில் கலிபாரியே கென்டக்கியை விட்டு ஆர்கன்சாவுக்குப் போனார். கோல்மன் கூடவே போனார், பெய்னும் போய்ச் சேர்ந்தார். டிஜே வாக்னர் போனார். கென்டக்கிக்கு வருவதாக இருந்த கார்ட்டர் நாக்ஸ், பூகி ஃப்லாண்ட், பில்லி ரிச்மண்ட் மூவரும் ஆர்கன்சாவுக்கே போனார்கள். ஹெட் கோச் கிளம்பினால் மொத்தக் குடித்தனமும் வண்டி ஏறும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். இல்லினாயில் அசிஸ்டென்ட்கள் போனபோது அப்படி ஆகவில்லை, வித்தியாசம் அங்கேதான். அசிஸ்டென்ட் போனால் உடனே ஆட்டம் காண்பது இன்னும் கையெழுத்துப் போடாதவன்தான். வாய்வார்த்தை கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவன், பதினொன்றாம் வகுப்பில் இருப்பவன்.

அந்தப் பையனைப் பற்றி இரண்டு வார்த்தை. 1964 முதல் 2024 வரை லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்று ஒரு தாள் இருந்தது. நீ கையெழுத்துப் போடுவது கல்லூரியோடுதான், கோச்சோடு இல்லை என்று அதில் எழுதியே இருக்கும். பதினேழு வயதுப் பையன் யாரை நம்பி வருகிறான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால்தான் அப்படி எழுத வேண்டியிருந்தது. கோச் நாளைக் காலை வேறு ஊருக்குப் போகலாம், அன்று மாலையே புதுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்ளலாம். பையன் கல்லூரி மாறினால் பொதுவாக ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டும். 2021 ஏப்ரல் வரை இதுதான் நடைமுறை. இப்போது பையன்களுக்கு விசுவாசம் இல்லை, வருஷத்துக்கு ஒரு கல்லூரி மாறுகிறார்கள் என்று சில பெரியவர்கள் வருத்தப்படுகிறார்கள். எனக்கு அந்த வருத்தம் கொஞ்சமும் இல்லை.

ஸ்கை கிளார்க்கைப் பாருங்கள். 2020 அக்டோபரில் கென்டக்கிக்கு வாக்குக் கொடுத்தார். 2022-ல் அதை விலக்கிக்கொண்டு இல்லினாய் போனார். பாதி சீசனில் விலகி, பிறகு லூயிவில்லில் பெய்னிடம் ஆடினார், பெய்னின் வேலை போனதும் யுசிஎல்ஏ. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவருக்குச் சொந்தக் காரணங்கள் இருந்திருக்கும். ஆனால் அந்த நாலு வருஷத்தில் கென்டக்கி, இல்லினாய், லூயிவில் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்த கோச்சுகள் எத்தனை ஊர் மாறினார்கள் என்று எண்ணிப்பார்த்தால், பையனை மட்டும் நாடோடி என்று சொல்ல மனசு வராது.

இப்போது பணமும் சேர்ந்துகொண்டது. 2021 ஜூலையிலிருந்து ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம், 2025 ஜூலையிலிருந்து கல்லூரியே நேரடியாகக் கொடுக்கலாம், எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து முதல் வருஷ உச்சவரம்பு 20.5 மில்லியன் டாலர். மூன்று வருஷம் ஒரு வீட்டு வாசலில் நின்ற அசிஸ்டென்ட்டின் உழைப்பை இன்னொரு கல்லூரியின் ஒரு போன்கால் கலைத்துவிடலாம். அதற்காக அசிஸ்டென்ட்டின் மவுசு குறைந்துவிட்டதா என்றால், ஜெய் லூகஸைப் பாருங்கள். டெக்சஸ், பிறகு கென்டக்கி, பிறகு டியூக் என்று வந்த அசிஸ்டென்ட். 2025 மார்ச்சில் கூப்பர் ஃப்லாக் ஆடிய டியூக் அணி தேசியப் பட்டத்துக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் இறங்கி மயாமிக்கு ஹெட் கோச்சாகப் போனார். காரணம் எளிது, அந்த மாதக் கடைசியில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் திறக்கவிருந்தது, அதற்குள் கடையைத் திறக்காவிட்டால் சரக்கு தீர்ந்துவிடும். டியூக் அவர் இல்லாமலேயே கடைசி நான்கு வரை போனது.

ஆன்டிகுவா? கலிபாரி ஆர்கன்சா போனபோது அவர் கூடப் போகவில்லை. 2024-ல் இல்லினாய்க்கே, அதே அண்டர்வுட்டிடமே திரும்பினார். கதவைச் சாத்தாமல் வைத்திருந்த அண்டர்வுட்டைப் பாராட்டத்தான் வேண்டும், நம்மில் பலர் சாத்தியிருப்போம். அந்த வருஷம் குரோஷியாவின் தோமிஸ்லாவ் இவிசிச் இல்லினாய்க்கு வந்தார். அவருடைய இரட்டைச் சகோதரர் ஸ்வோனிமிர் அதற்கு முந்தைய சீசனில் கென்டக்கியில் ஆடியவர், ஆன்டிகுவா அங்கே இருந்தபோது. கலிபாரியோடு ஆர்கன்சா போய் ஒரு வருஷம் ஆடிவிட்டு, 2025-ல் ஸ்வோனிமிரும் இல்லினாய்க்கு வந்துவிட்டார். சகோதரருக்காக வந்தாரா, பழைய கோச்சுக்காக வந்தாரா, பணத்துக்காக வந்தாரா என்று கேட்காதீர்கள். வேறு கேள்வி இருந்தால் கேளுங்கள், மைக் அந்தப் பக்கம் வருகிறது.