நாளைக்கு டிஸ்சார்ஜ் என்றால்

வணக்கம் நேயர்களே. நான் பிசியோதெரபிஸ்ட். "நாளைக்கு டிஸ்சார்ஜ்" என்று டாக்டர் சொன்ன பிறகுதான் பல குடும்பங்கள் என்னிடம் ஓடிவரும். "ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவை எந்தப் பராமரிப்பு மையத்தில் சேர்க்கலாம்?" என்று கேட்பார்கள். அப்பா முதலில் எதைத் தானாகச் செய்தாக வேண்டும் என்று நான் திருப்பிக் கேட்பேன். பாதிப்பேர் முழிப்பார்கள்.

இதற்கென்றே 'பார்தெல் இண்டெக்ஸ்' என்று ஓர் அளவுகோல் இருக்கிறது. டாக்டர் மஹோனியும் பிசியோதெரபிஸ்ட் பார்தெலும் 1965இல் வெளியிட்டது. சாப்பிடுவது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, படி ஏறுவது என்று 10 வேலைகள், மொத்தம் 100 மதிப்பெண். குளிப்பதற்கு 5தான். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதற்கு 15, நடப்பதற்கு 15. சேர்க்கும் நாளில் இதை எழுதி வைத்து, வாராவாரம் திரும்பப் பார்க்கிறார்களா என்று கேளுங்கள். "நல்லா பார்த்துக்குவோம்" என்பது பதில் இல்லை.

ஏன் இவ்வளவு அவசரம்? வயதானவர்களுக்குப் படுத்தே கிடந்தால் கால் தசை மளமளவென்று கரையும். நோய் குணமாகியிருக்கும், ஆள் எழுந்து நிற்க மாட்டார். பக்கவாதம் வந்தவர்களுக்கு முதல் 3 மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அந்த நாட்களில் வெறும் நர்ஸிங் மட்டும் கொடுத்துப் படுக்க வைப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை. அதே சமயம் ஆறாத புண், மூக்கில் குழாய், நிற்காத காய்ச்சல் என்றிருப்பவருக்கு முதல் தேவை நல்ல நர்ஸ். பயிற்சிக்கூடம் பிறகு.

இடத்தை நேரில் போய்ப் பாருங்கள். காலையில் எல்லா இடமும் பளிச்சென்றுதான் இருக்கும். சாயங்காலம் ஏழு மணிக்குப் போங்கள். மணி அடித்தால் யாராவது வருகிறார்களா, ராத்திரி ஒரு நர்ஸுக்கு எத்தனை பேர், தானாகத் திரும்ப முடியாதவரை எத்தனை மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கிறார்கள் என்று கேளுங்கள். பகலில் போனால் எத்தனை பேர் கட்டிலை விட்டு எழுந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். எல்லாரும் படுத்தே இருந்தால், சரி, அடுத்த இடம்.

மருந்துச் சீட்டில் ஒரு எச்சரிக்கை. ஆஸ்பத்திரியில் எழுதியதும் வீட்டில் முன்பே சாப்பிட்டதும் ஒரே மருந்தாக, பெயர் மட்டும் வேறாக இருக்கலாம். கிளம்புவதற்கு முன் இரண்டையும் பக்கத்தில் வைத்து டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அப்புறம், முடிந்தால் பெரியவரையும் இடம் பார்க்க அழைத்துப் போங்கள். ஒரு பாட்டியை அப்படிக் கூட்டிப் போயிருந்தார்கள். வாக்கரைப் பிடித்தபடி கட்டிலிலிருந்து கழிப்பறை வரை நடந்து, எத்தனை எட்டு வைத்தோம் என்று எண்ணினார். 18. "ராத்திரியில இவ்வளவு தூரம் என்னால ஆகாது" என்றார். மகனும் மருமகளும் அதுவரை டி.வி. எவ்வளவு பெரிது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.