மின்விசிறிக்கு உபயதாரர் உண்டு

நேயர்களுக்கு வணக்கம். எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஒரு சின்ன அறக்கட்டளைக்கு நான் பொருளாளர். பொருளாளர் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு பேரேடு, ஒரு ரசீதுப் புத்தகம், பூட்டுச் சரியில்லாத ஒரு மேசை, அவ்வளவுதான்.

தொடங்கிய காலத்தில் கவலையே இல்லை. 1990களின் நடுவில் வங்கி வைப்புக்கு 12 சதவீதம் வரை வட்டி. ஊரார் சேர்த்துப் போட்ட 1 லட்ச ரூபாயின் வட்டியிலேயே வாத்தியாருக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்துவிடுவோம். அசலைத் தொடக்கூடாது என்று அறக்கட்டளைப் பத்திரத்தில் எழுதியிருந்தது, தொடவில்லை. 2020 வாக்கில் வட்டி 5 சொச்சத்துக்கு இறங்கிவிட்டது. அசல் அப்படியே இருக்கிறது, வாத்தியார் சம்பளத்துக்குத்தான் வழியில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு பெரியவர் வந்தார். "என்ன வேண்டும், சொல்லுங்கள்" என்றார். "கரண்ட் பில் கட்டணும் ஐயா" என்றேன். முகம் வாடிவிட்டது. மறுவாரம் இரண்டு மின்விசிறிகள் வந்து இறங்கின. இறக்கைக்கு இறக்கை சிவப்புப் பெயின்டில் அவருடைய அப்பா பெயர், "உபயம்" என்று. சுவிட்சைப் போட்டால் பெயர் தெரியாது, பாருங்கள்! அதனால் அவர் வரும்போதெல்லாம் அணைத்துவைப்போம். பிள்ளைகள் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர் போனதும் ஓடும். பில் கூடியதுதான் மிச்சம்.

அவரைக் குறை சொல்லவில்லை. நானும் கோயிலுக்கு டியூப்லைட் கொடுத்தவன்தான். கரண்ட் பில்லில் பெயர் எழுத இடமில்லையே! கம்பெனிகளும் அப்படித்தான். 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். போய்க் கேட்டால் கணினி தருகிறோம் என்பார்கள். கணினி சொல்லிக்கொடுக்கிறவருக்குச் சம்பளம் என்றால் பேச்சு மாறிவிடும்.

கடைசியில் எங்களைக் காப்பாற்றியது மாதம் 100 ரூபாய்க்காரர்கள். மளிகைக்கடைக்காரர், பழைய மாணவர்கள் என்று 60 பேர். பெயர் எங்கேயும் எழுதவில்லை, கரண்ட் பில் தேதிக்குக் கட்டியாகிறது.

வரிப் பதிவு, தணிக்கை பற்றியெல்லாம் குறிப்பு எழுதி வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். சரி, இரண்டே விஷயம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் நன்கொடைக்கான வரிக் கழிவு கிடையாது, காசோலையாகக் கொடுங்கள். அசலில் சேர்க்கச் சொல்லிக் கொடுப்பதானால் "மூலதன நிதிக்கு" என்று கடிதத்தில் எழுதிக் கொடுங்கள். எழுதாவிட்டால் அது வருமானக் கணக்கில் போய், வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவழித்துக் காட்டு என்ற வரி விதியில் மாட்டிக்கொள்ளும். வணக்கம்.